அடங்க மறுக்கும் தேன்

வீட்டில் தேன் மது செய்து பார்க்க நினைப்பவருக்கு எதிரிகள் இரண்டு: பெங்களூரின் ஏப்ரல் வெயில், கர்நாடகத்தின் கலால் சட்டம். முதல் எதிரியையாவது ஈரத்துணி போட்டுச் சமாளிக்கலாம்.

மலைத்தேன் வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. குடகிலிருந்தோ கொல்லி மலையிலிருந்தோ ஆசையாக வாங்கி வந்த பாட்டில் அலமாரியில் இரண்டு மாதம் சாதுவாக உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் மூடியைத் திருகினால் 'புஸ்' என்று சத்தம். மேலே வெள்ளை நுரை, லேசான புளிப்பு நெடி. கலப்படம் என்று தீர்ப்பு எழுதி, விற்ற மலைவாசியைத் திட்டிக்கொண்டே சாக்கடையில் கொட்டிவிடுவோம்.

பெரும்பாலும் விற்றவர் மீது தப்பில்லை. தேன் தன் போக்கில் மதுவாக மாறத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

தேனில் எடைக்கு எடை சுமார் 80 சதவீதம் சர்க்கரை. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரின் அளவு 17, 18 சதவீதத்தில் நின்றால் தேன் வருடக்கணக்கில் கெடாது. அந்தச் சர்க்கரைச் செறிவில் எந்த நுண்ணுயிரும் தலைதூக்க முடியாது. 20 சதவீதத்தைத் தாண்டினால் கதை வேறு. பூவிலிருந்தும் தேனீயின் வயிற்றிலிருந்தும் வந்து தேனுக்குள் உறங்கிக் கிடக்கும் ஈஸ்ட் கண் விழித்துக்கொள்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காற்றில், அடை முழுதாக மூடப்படும் முன்பே எடுக்கப்படும் காட்டுத் தேனில் இந்த எல்லை சுலபமாக மீறப்படுகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தேனுக்கு 20 சதவீத ஈரப்பத வரம்பு வைத்திருப்பதும், பெரிய கம்பெனிகள் தேனைச் சூடாக்கிப் பதப்படுத்துவதும் இதனால்தான். அந்தச் சூட்டில் ஈஸ்ட்டோடு சேர்ந்து மணமும் கொஞ்சம் போய்விடுகிறது.

அலமாரியில் தற்செயலாக நடப்பதை வேண்டுமென்றே, தண்ணீர் சேர்த்து, கண்காணித்துச் செய்தால் அதுதான் தேன் மது. ஐரோப்பாவில் 'மீட்' என்பார்கள். எத்தியோப்பியாவில் 'தெஜ்' என்ற பெயரில் இன்றும் வீட்டுக்கு வீடு உண்டு. நமக்கும் புதிதல்ல. மூங்கில் குழாயில் ஊற்றி வைத்து முதிர வைத்த தேன் கள்ளைக் குறிஞ்சி நில மக்கள் குடித்து ஆடிய செய்தி திருமுருகாற்றுப்படையிலும் மலைபடுகடாமிலும் வருகிறது. அந்த மூங்கில் குழாய்க்குள் நொதித்தலை அவர்கள் எப்படிக் கட்டுப்படுத்தினார்கள் என்பதைப் புலவர்கள் எழுதி வைக்கவில்லை. தேன் மதுவில் எல்லாமே அதில்தான் இருக்கிறது.

மூன்று அடுப்புகள்

பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வரும் ஊர் சந்தாபுரா. ஆனேக்கல் சாலை பிரியும் முக்கு. வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருந்தால் அது ஏரியால்தான்; ஏரி கெட்டுப்போனதற்காக 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மற்றபடி அடுக்குமாடிகள், ஆலைத் தொழிலாளர்களின் வாடகை வீடுகள், மென்பொருள் பொறியாளர்கள், காய்கறி வண்டிகள். தமிழ்நாட்டு எல்லையான அத்திப்பள்ளி கூப்பிடு தூரம் என்பதால் தெருவில் பாதிப் பேச்சு தமிழ்.

நொதித்தல் என்ற ஒரே விஷயத்துக்கு மூன்று முகங்கள் உண்டு என்பதை இந்தச் சின்ன வட்டாரத்துக்குள்ளேயே பார்த்துவிடலாம். முதலாவது, சமையலறை. தஞ்சாவூரிலும் மதுரையிலும் இரவு அரைத்து வைத்தால் காலையில் பொங்கி நிற்கும் இட்லி மாவு, சந்தாபுராவில் டிசம்பர் மாதம் அசையாமல் கிடக்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். குளிர்காலத்தில் இரவு வெப்பம் 16 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றுவதும், சூடு ஆறாத அடுப்பின் பக்கத்தில் வைப்பதும், ஏப்ரலில் அதே மாவு வழிந்து மேடையை நாறடிக்காமல் இருக்க ஃபிரிட்ஜுக்குள் தள்ளுவதும் இங்கே குடிவந்த ஒவ்வொரு தமிழ்ப் பெண்மணியும் கற்ற பாடம். நொதித்தல் கட்டுப்பாடு என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

இரண்டாவது, சந்தாபுராவுக்கு முந்தைய ஊரான பொம்மசந்திரா. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் பாதை முடியும் இடம். அங்கிருந்து ஜிகனி போகும் சாலையில் பயோகான் கம்பெனியின் பெரிய வளாகம். அதை நிறுவிய கிரண் மஜும்தார் ஷா படித்தது மருந்தல்ல, மது வடித்தல். யுனைடெட் புரூவரீஸில் தலைமை மது வடிப்பாளராக இருந்தவரின் மகள். ஆஸ்திரேலியாவின் பல்லாரத் நகரில் படித்து, 1975-ல் தேர்ச்சி பெற்று ஊர் திரும்பினார். பெண்ணுக்கு அந்த வேலை தர இந்திய பீர் ஆலைகள் தயாராக இல்லை. 1978-ல் பெங்களூரில் ஒரு வாடகை வீட்டின் கார் ஷெட்டில் 10,000 ரூபாய் முதலீட்டில் பயோகான் பிறந்தது. முதலில் தயாரித்தவற்றில் ஒன்று, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கப்படும் ஐசிங்கிளாஸ். கலங்கிய பீரையும் ஒயினையும் தெளிய வைக்கும் பொருள். தேன் மதுவைத் தெளிய வைக்கவும் அதைப் பயன்படுத்துவார்கள். 2004-ல் அந்த நிறுவனம் பிச்சியா என்ற ஈஸ்ட்டைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பீர் ஆலை மறுத்த அறிவு சர்க்கரை நோயாளிகளுக்கு மருந்தாகியது.

மூன்றாவது முகம் கோரமானது. 2008 மே மாதம், ஆனேக்கல் வட்டாரத்திலும் கோலாரிலும் எல்லைக்கு இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் கள்ளச்சாராயம் குடித்து நூற்றுக்கும் அதிகமானவர்கள் செத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில்தான் கர்நாடகம் சாராயத்தைத் தடை செய்திருந்தது. மலிவுச் சரக்கு ஒழிந்த இடத்தில் விஷம் வந்து உட்கார்ந்தது.

வீட்டில் தேன் மது என்று பேச்செடுத்ததும் தமிழ் வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சாவுகளாகத்தான் இருக்கும். 2023-ல் மரக்காணம், 2024-ல் கள்ளக்குறிச்சி என்று பட்டியல் நீளுகிறதே. ஆகவே ஒன்றை இங்கேயே தெளிவாக்கிவிட வேண்டும். இந்தச் சாவுகளுக்குக் காரணம் நொதித்தல் அல்ல. தொழிற்சாலைக்கான மெத்தனாலைத் திருடி வந்து கலந்ததுதான் காரணம். பழங்களில் உள்ள பெக்டின் என்ற பொருள் சிதையும்போது நொதித்தலிலும் சிறிதளவு மெத்தனால் உண்டாவது வாஸ்தவம். தேனில் பெக்டின் கிட்டத்தட்ட இல்லை. தவிர, தேன் மது காய்ச்சி வடிக்கப்படுவதும் இல்லை. அது கள்ளுக்கு உறவு, சாராயத்துக்கு அல்ல.

பட்டினி கிடக்கும் ஈஸ்ட்

தேன் மது தயாரிப்பு கேட்பதற்கு வெகு சுலபம். ஒரு கிலோ தேன், மொத்தம் நாலு லிட்டர் வரும் அளவுக்குத் தண்ணீர், கொஞ்சம் ஈஸ்ட். சர்க்கரை முழுவதும் கரைந்து மாறினால் ஆல்கஹால் சுமார் 11 சதவீதம். இதில் மனிதன் செய்யும் வேலை எதுவும் இல்லை என்று தோன்றும். முதல் தடவை செய்து பார்த்து, அழுகிய முட்டை நாற்றத்தோடு குடத்தைக் கவிழ்த்தவர்களுக்குத்தான் வேலை எங்கே என்று புரியும்.

தேனில் ஈஸ்ட்டுக்குச் சோறு இருக்கிறது, குழம்பு இல்லை. சர்க்கரை ஏராளம்; உடம்பை வளர்க்கத் தேவையான நைட்ரஜன் கடுகளவு. திராட்சைச் சாற்றில் இயற்கையே நைட்ரஜன் வைத்திருப்பதால் ஒயின்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. தேனில் விட்ட ஈஸ்ட் முதல் இரண்டு நாள் ஆர்ப்பாட்டமாகப் பெருகி, பிறகு பசியில் தவித்து, ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியேற்றுகிறது. முட்டை நாற்றம் அதுதான். தவிர, புளிப்பு ஏறாமல் தடுக்கும் உப்புச்சத்தும் தேனில் குறைவு. அமிலம் அளவு மீறியதும் பாதிச் சர்க்கரை அப்படியே மிஞ்ச, ஈஸ்ட் வேலைநிறுத்தம் செய்துவிடுகிறது.

பழைய ஐரோப்பிய செய்முறைகளில் திராட்சை வற்றல் ஒரு பிடி போடச் சொல்லியிருக்கும். பிடி வற்றலில் கிடைக்கும் நைட்ரஜன் எந்த மூலைக்கும் காணாது. இன்று பழகியவர்கள் செய்வது, ஈஸ்ட்டுக்கான சத்துப் பொருளைத் தவணை முறையில் ஊட்டுவது. முதல் நாள் கொஞ்சம், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கொஞ்சம்; சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு கரைந்ததும் கடைசித் தவணை. அதன் பிறகு நிறுத்திவிட வேண்டும். ஆல்கஹால் ஏறிய பிறகு ஈஸ்ட்டால் அதைச் சாப்பிட முடியாது. மிச்சம் வேறு கிருமிகளுக்கு விருந்தாகும். இந்தச் சத்துப் பொருளில் முக்கியமானது டைஅம்மோனியம் பாஸ்பேட். ஆம், விவசாயிகள் மூட்டை மூட்டையாக வாங்கும் அதே டி.ஏ.பி.யின் உணவுத் தர வடிவம். உரக்கடைச் சரக்கை எடுத்துக் குடத்தில் போடும் விபரீதம் வேண்டாம்.

இந்தப் பிரச்னையை நம் வைத்தியர்கள் என்றைக்கோ சந்தித்து, தங்கள் வழியில் தீர்த்திருக்கிறார்கள். ஆயுர்வேத அரிஷ்டங்களும் ஆசவங்களும் நொதிக்க வைத்த மருந்துகளே. மத்வாசவம் என்ற பெயருக்கே தேனில் செய்த ஆசவம் என்றுதான் பொருள். கஷாயத்தில் வெல்லமோ தேனோ கரைத்து, தாதகிப் பூவைச் சேர்த்து, மண் குடத்தின் வாயைச் சீலை மண்ணால் மூடி, நெல் குவியலுக்குள் ஒரு மாதம் புதைத்து வைப்பது வழக்கம். தாதகிப் பூவோடு காட்டு ஈஸ்ட்டும் வந்து சேர்கிறது. நெல் குவியல், பகல் வெயிலும் இரவுக் குளிரும் குடத்தைத் தீண்டாமல் காக்கும் போர்வை. திறக்கும் நாளில் குடத்தின் வாயருகே எரியும் விளக்கைக் காட்டுவார்கள். அணைந்தால் உள்ளிருந்து கரியமில வாயு வந்துகொண்டிருக்கிறது, வேலை முடியவில்லை. நின்று எரிந்தால் முடிந்தது. காதை வைத்துச் சலசலப்புக் கேட்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஹைட்ரோமீட்டர் இல்லாத காலத்தின் ஹைட்ரோமீட்டர்.

நொதித்தலை அடக்கும் கலையில் தமிழனின் சொந்தச் சரக்கும் ஒன்று உண்டு. பனைமரத்தில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் அடங்கிக் கிடக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டப்படி முதலாவது ஆரோக்கிய பானம், இரண்டாவது 1987 முதல் குற்றம். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு.

வெயிலும் மூடியும்

அடுத்தது வெப்பம். தேன் மதுவுக்கு உகந்தது 18 முதல் 22 டிகிரி வரை. பெங்களூரின் நவம்பர் முதல் பிப்ரவரி வரையான மாதங்கள் இதற்கென்றே செய்தது போல் இருக்கும். இட்லி மாவைப் படுத்தும் அதே குளிர் இங்கே வரம். ஏப்ரலில் பகல் வெப்பம் 34 டிகிரி வரை போகிறது. மாடி வீட்டுச் சமையலறையில் அதற்கும் மேல். போதாததற்கு, ஈஸ்ட் வேலை செய்யும்போது தானும் சூட்டை வெளியிடுவதால் குடத்துக்குள் ஓரிரு டிகிரி கூடுதலாகவே இருக்கும். 30 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் வெறிபிடித்ததுபோல் ஓடி, தொண்டையைக் காந்தும் கன ஆல்கஹால்களை உண்டாக்குகிறது. பெயின்ட் கடை வாசனை வரும். மாதக்கணக்கில் முதிர வைத்தாலும் அந்தக் காரம் முழுதாகப் போவதில்லை.

ஆலைக்காரர்களிடம் குளிர்நீர் ஓடும் இரட்டைச் சுவர்த் தொட்டிகள் இருக்கின்றன. வீட்டில்? தண்ணீர்த் தொட்டியில் குடத்தை இறக்கி, மேலே ஈரத்துணி சுற்றி, மின்விசிறியைப் போடலாம். மண்பானையில் தண்ணீர் குளிரும் அதே தத்துவம். நாலைந்து டிகிரி இறங்கும். முதல் ஐந்து நாட்கள் இப்படிக் காத்துவிட்டால் பெரும்பாலும் கண்டம் தாண்டியது போலத்தான். பிற்பாடு வரும் வெயில் அவ்வளவு கெடுதி செய்வதில்லை.

காற்று விஷயத்தில் ஈஸ்ட்டின் குணம் விசித்திரம். ஆரம்ப நாட்களில் அதற்கு ஆக்சிஜன் வேண்டும். நன்றாகக் கலக்கிவிட வேண்டும். கலக்கும்போது நுரை பொங்கி வழிவதால் மெதுவாகச் செய்வது நல்லது. அதன் பிறகு காற்று பட்டால் வினிகர் கிருமி புகுந்து எல்லாவற்றையும் காடியாக்கிவிடும். வாயு வெளியே போகலாம், காற்று உள்ளே வரக்கூடாது. மூடியில் ஒரு குழாயைச் செருகி மறுமுனையைத் தண்ணீரில் மூழ்கவிட்டால் அந்த வேலை முடிந்தது.

கடைசிக் கண்டம்தான் ஆபத்தானது. குமிழி வருவது நின்றதும் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். குமிழி நின்றதற்குக் குளிர் காரணமாக இருக்கலாம், ஈஸ்ட்டின் சோர்வு காரணமாக இருக்கலாம். ஒரு வெயில் வாரம் வந்தால் உள்ளே மறுபடி வேலை தொடங்கும். லிட்டருக்கு 24 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு டீஸ்பூன், மூடிய பாட்டிலுக்குள் நொதித்தால் உண்டாகும் அழுத்தம் கிட்டத்தட்ட 6 அட்மாஸ்பியர். ஷாம்பேன் பாட்டிலைத் தடிமனான கண்ணாடியில் செய்வது இந்த அழுத்தத்துக்காகத்தான். சாதாரண ஜூஸ் பாட்டில் குண்டாக வெடிக்கும். கண்ணாடிச் சில்லு கண்ணைப் பதம் பார்க்கும். ஹைட்ரோமீட்டர் என்ற சின்னக் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, இரண்டு வார இடைவெளியில் அளவு மாறவில்லை என்று உறுதி செய்வதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி கிடையாது. இனிப்பு மிச்சம் வேண்டுமென்றால் ஃபிரிட்ஜில் வைப்பது ஈஸ்ட்டைத் தூங்க வைக்குமே தவிர, கொல்லாது.

பெட்டியில் அடங்காத பானம்

இவ்வளவும் படித்துவிட்டு ஒரு கிலோ தேனோடு கிளம்பும் சந்தாபுராவாசியைத் தடுத்து நிறுத்துவது 1965-ம் ஆண்டின் கர்நாடகக் கலால் சட்டம். உரிமம் இல்லாமல் எந்த மதுவையும் தயாரிக்கக் கூடாது. விற்பதற்கா, சொந்தமாகக் குடிப்பதற்கா, நாலு லிட்டரா, நாலாயிரம் லிட்டரா என்ற கேள்விகளுக்கு இடமில்லை. சிறையும் அபராதமும் உண்டு. எல்லை தாண்டி ஓசூருக்குப் போனால் 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் காத்திருக்கிறது. பெங்களூரில் வீட்டிலேயே பீரும் தேன் மதுவும் செய்து பார்க்கும் ஆர்வலர்கள் பல வருடங்களாகவே இருக்கிறார்கள். பெயர் போட்டுப் பேச யாரும் முன்வராததில் ஆச்சரியமில்லை.

மது மாநில அரசுகளின் அதிகாரத்தில் உள்ள விஷயம் என்பதால் ஊருக்கு ஒரு நியாயம். சில மாநிலங்களில் பழங்குடியினர் சொந்தத் தேவைக்கு வரம்புக்குட்பட்டு வடித்துக்கொள்ளலாம். கர்நாடகமே 2007-ல் திராட்சை விவசாயிகளுக்காக ஒயின் கொள்கை கொண்டுவந்தது. பிற்பாடு பெங்களூரில் உணவகத்துக்குள்ளேயே பீர் வடிக்கவும் அனுமதித்தது. தேன் மதுவுக்கு முதலில் கதவு திறந்தது புனேயில். ரோஹன் ரெஹானி, நிதின் விஸ்வாஸ் என்ற இருவர் தொடங்கிய மூன்ஷைன் மீடரி 2018-ல் சந்தைக்கு வந்தது. பீர், ஒயின், சாராயம் என்ற பெட்டிகளிலேயே யோசித்துப் பழகிய கலால் துறைக்கு, மூன்றிலும் அடங்காத ஒன்றைப் புரியவைப்பது லேசான காரியமல்ல.

வெளிநாடுகளில் இது எப்போதோ தீர்ந்த விவகாரம். பிரிட்டன் 1963-ல் வீட்டு பீருக்கான உரிமத்தை ரத்து செய்தது. அமெரிக்காவில் 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி ஒரு வீட்டில் வருடத்துக்கு 200 கேலன் வரை பீர் தயாரிக்கலாம், விற்கக் கூடாது. அங்கே அடுத்த தலைமுறையில் முளைத்த சிறு பீர் ஆலைகள் பலவும் இந்தச் சமையலறைகளில் பழகியவர்களுடையவை.

இங்கே அதை அப்படியே நகலெடுக்க முடியாது என்று அரசு சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனேக்கலில் 2008-ல் நடந்ததைப் பார்த்த அதிகாரி எவரும் வீட்டில் மது என்ற சொல்லைக் கேட்டதும் கை நடுங்கவே செய்வார். விற்பனை என்று வந்தால் கலப்படமும் வரும் என்பது அவர் அனுபவம். ஆனால் காய்ச்சி வடிப்பதையும் நொதிக்க வைப்பதையும் ஒரே தட்டில் வைத்துத் தண்டிக்கும் சட்டத்தால் மெத்தனால் வியாபாரி நின்றபாடில்லை. ஹைட்ரோமீட்டரை மறைத்து வைத்திருப்பவர்தான் பயப்படுகிறார். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் பாட்டிலை அவசரமாக அடைத்து, வெடிக்கவிடுகிறவரும் அவர்தான்.

நஷ்டம் இன்னொரு பக்கமும் உண்டு. 20 சதவீத வரம்பைத் தாண்டிய மலைத்தேனுக்குச் சந்தையில் நல்ல விலை கிடையாது. தண்ணீர் ஊற்றி நொதிக்க வைக்கப்போகும் தேனில் ஈரம் இரண்டு சதவீதம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன? 1990-களின் தொடக்கத்தில் தாய்சாக் புரூட் வைரஸ் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக்களைத் துடைத்தெடுத்தபோது குடகிலும் மார்த்தாண்டத்திலும் பெட்டிகள் காலியாயின. அதிலிருந்து எழுந்து வந்த தேனீ வளர்ப்பவர்களுக்குத் தேன் மது ஆலைகள் இன்னொரு வாடிக்கையாளர். புனேக்கு இது தெரிந்திருக்கிறது. குடகுத் தேனைப் பக்கத்திலேயே வைத்திருக்கும் பெங்களூர் இன்னும் யோசிக்கிறது.

அதுவரை சந்தாபுராவில் நொதிக்க வைத்த பானத்தைச் சட்டப்படி வாங்க விரும்புகிறவர் ஒயின் ஷாப்புக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. நாட்டு மருந்துக் கடையில் திராட்சாரிஷ்டம் கேட்டால் எடுத்துத் தருவார்கள். தானாக உண்டான ஆல்கஹால் 12 சதவீதத்துக்கு மிகாமல் இருப்பதாக லேபிளில் அச்சிட்டிருக்கும். கடைக்காரர் கேட்பது ஒன்றுதான்: சின்ன பாட்டிலா, பெரிய பாட்டிலா?